கடைமடை வரைக்கும் போச்சா? மூப்பர் தேர்தலுக்கு முன்னாடி ஆதி சபையை வீட்டுக் கூட்டத்துல படிக்கிறது எப்படி

எங்க ஊர் மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவுல, ஒரு சின்ன சபை. நாப்பது குடும்பம் இருக்கும். மூப்பர் (சபைக் காரியத்தைப் பாத்துக்கற பொறுப்பாளர்) தேர்தல் வர்ற வருஷம்னா ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே யாருக்கு யார் ஓட்டுன்னு பேச்சு ஆரம்பிச்சுடும், சொந்தக்காரங்க நடுவுலயே முகம் கொடுக்காம போறது, நல்லது கெட்டதுக்குக் கூட போகாம இருக்கறதுன்னு எல்லாம் நடக்கும். அப்படி ஒரு வருஷம் ஐயர்கிட்ட கேட்டு (நம்ம பக்கம் ஆயரை ஐயர்னுதான் சொல்லுவோம்) ஈஸ்டர்லேர்ந்து பெந்தெகொஸ்தே வரைக்கும் ஏழு வாரம் வீட்டுக் கூட்டத்துல ஆதி சபையோட கதையை மட்டும் (இயேசுவோட சீஷருங்க ஆரம்பிச்ச மொத சபைங்க, பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள்ல இருக்கு) படிச்சோம், அப்புறம் இன்னொரு தடவையும் படிச்சோம். உங்க சபையிலயும் செய்யணும்னு ஆசை இருந்தா நாங்க எப்படி செஞ்சோம்னு எழுதுறேன், எடுத்துக்கங்க.

மொதல்ல நேரம். டெல்டாவுல இருக்கறவங்களுக்கு இந்த ஏழு வாரம்தான் தோது. சம்பா அறுப்பு முடிஞ்சு, உளுந்து பயறும் பிடுங்கி, வாய்க்கால் காஞ்சு கிடக்கும், மேட்டூர் தொறக்க ஜூன் ஆகும், ஆளுங்க ராத்திரி வீட்ல இருப்பாங்க. நடவு நேரத்துல வச்சீங்கன்னா பகல் பூரா சேத்துல நின்ன பொம்பளைங்க வந்து உக்காந்த உடனே அசந்துடுவாங்க, அவங்க இல்லாம இந்தப் படிப்பே வேண்டாம். ஏழரைக்கு ஆரம்பிச்சு ஒன்பதுக்கு முடிச்சிடுங்க. துரோவா பட்டணத்துல பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசி, ஐத்திகுன்னு ஒரு பையன் ஜன்னல்லயே தூங்கி மூணாம் மாடியிலேர்ந்து விழுந்தான்ல, அதை நெனப்புல வச்சுக்கங்க.

எடம் முக்கியம். ஒரே வீட்ல வைக்காதீங்க. ஒரு வாரம் பெரிய தெருவுல, அடுத்த வாரம் வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கற வீட்ல, இப்படி மாத்தி மாத்தி. மெத்தை வீடோ கூரை வீடோ, எல்லாரும் பாயிலதான். நாற்காலி வயசானவங்களுக்கு மட்டும் போடுங்க, மூப்பருக்குன்னு தனியா போடாதீங்க. படிக்கத் தெரியாதவங்க நடுவுல உக்காரட்டும், வாசிக்கிற பிள்ளை அவங்க பக்கத்துல. பழைய மொழிபெயர்ப்பு பைபிள் போதும், ஆனா பக்கத்து வீட்டு கத்தோலிக்கக் குடும்பம் வந்தாங்கன்னா அவங்க பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள் 'திருத்தூதர் பணிகள்'னு இருக்கும், உதவிக்காரர்ங்கறது (டீக்கன்) 'திருத்தொண்டர்'னு இருக்கும், முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா பக்கம் தேடியே பத்து நிமிஷம் போயிடும்.

இன்னொன்னு, ஏழு வாரமும் தேர்தல்ல நிக்கிறவங்க பேரை யாரும் எடுக்கக் கூடாது. இதை மொத நாளே ஐயரையே சொல்லச் சொல்லுங்க. நாம சொன்னா எடுபடாது.

மொத வாரம் அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்னாம் ரெண்டாம் அதிகாரம். எருசலேம்ல மேல்வீட்டறையில கூடியிருந்த சீஷருங்க ஏறக்குறைய 120 பேர். பெந்தெகொஸ்தே அன்னைக்கு ஏறக்குறைய 3000 பேர் சேர்ந்தாங்க, நாலாம் அதிகாரத்துல ஆம்பளைங்க மட்டுமே 5000 ஆயிடுச்சு. எங்க கணக்குல இது நாப்பது குடும்ப சபைக்குள்ள ஒரே நாள்ல பத்துப் பதினஞ்சு ஊர் ஜனம் வந்து இறங்குன மாதிரி. இந்த ஒப்பீட்டை அங்கேயே வச்சு கேளுங்க, நம்ம சபைக்கு நாளைக்கே அவ்வளவு பேர் வந்தா யார் சோறு போடுவா, யார் ஞானஸ்நானம் கொடுப்பா, யார் பேரை எழுதுவான்னு. ரெண்டாம் வாரத்துக்கு இந்தக் கேள்விதான் வாசப்படி. பெந்தெகொஸ்தே யூதருக்கு கோதுமை அறுப்புப் பண்டிகைன்னு சொன்னா நம்ம ஜனத்துக்கு விளக்கமே வேண்டாம், சட்டுன்னு புரிஞ்சுக்குவாங்க. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசோட எடத்துக்கு, பன்னிரண்டு அப்போஸ்தலர்ல ஒருத்தனா மத்தியாவை எடுத்தப்ப மொதல்ல தகுதியைத்தான் பேசுனாங்க, ஆரம்பத்துலேர்ந்து கூடவே இருந்தவனா இருக்கணும்னு, அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரை நிறுத்தி ஜெபம் பண்ணி சீட்டு போட்டாங்க. அதை மட்டும் சொல்லிட்டு விட்டுடுங்க.

ரெண்டாம் வாரத்துக்கு முழு நேரமும் வேணும், முடிஞ்சா ரெண்டு ராத்திரி எடுத்துக்கங்க. ஆறாம் அதிகாரத்துல மொத ஏழு வசனம்தான். சபை பெருகுன நாள்ல கிரேக்க பாஷை பேசுற யூத விசுவாசிகள், எபிரெயர் (உள்ளூர் பாஷை பேசுற யூத விசுவாசிகள்) மேல முறுமுறுத்தாங்க, எங்க விதவைங்களை அன்றாட விசாரணையில சரியா கவனிக்கலைன்னு. அன்றாட விசாரணைன்னா தினப்படி சாப்பாடு பங்கிடறது. இதை வாசிச்சு முடிச்ச உடனே விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீங்க. சும்மா இருங்க. நாங்க படிச்ச அன்னைக்கு ஒரு அத்தை, புருஷன் போய் பதினஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் நடவுக்குப் போறாங்க, எழுத்து தெரியாது, கூட்டத்துல வாயே தொறக்க மாட்டாங்க, 'அந்த வசனத்தை இன்னொரு வாட்டி படி கண்ணு'ன்னாங்க. பொண்ணு திரும்பப் படிச்சுச்சு. 'தண்ணி தொறந்துவிட்டா மேல்மடைக்காரனுக்கு மொதல்ல, கடைமடைக்கு வந்தா வந்துச்சு இல்லன்னா இல்ல, அப்ப இருந்தே இப்படித்தானா'ன்னு கேட்டுட்டு பாயோட ஓரத்தைப் பிரிச்சுக்கிட்டே குனிஞ்சுக்கிட்டாங்க. யாருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரலை. ஏன்னா அதுக்கு முந்தின கிறிஸ்மசுக்கு சபையில அரிசியும் சேலையும் கொடுத்தப்ப வாய்க்காலுக்கு அந்தாண்ட தெருவுக்கு வந்து சேர்றதுக்குள்ள தீர்ந்துபோச்சு, பேர் எழுதினதுல நானும் ஒருத்தி, அந்தத் தெருவைக் கடைசியில எழுதினது நான்தான். யாரும் வேணும்னு செய்யலை. எருசலேம்லயும் யாரும் வேணும்னு செஞ்சதா எழுதலை.

இதுக்கு அப்புறம்தான் மிச்ச வசனத்துக்குப் போங்க, அப்போஸ்தலர் என்ன செஞ்சாங்கன்னு ஒவ்வொண்ணா பாருங்க. முறுமுறுத்தவங்களை அடக்கலை, விசுவாசம் இல்லைன்னு சொல்லலை. சபையாரைக் கூப்பிட்டு, நாங்க வசனத்தை விட்டுட்டு பந்தி விசாரிக்கறது தகாது, நீங்களே ஏழு பேரைப் பாத்துக்கொடுங்கன்னாங்க. நற்சாட்சி இருக்கணும், ஆவியும் ஞானமும் நிறைஞ்சிருக்கணும், இவ்வளவுதான் அளவு. ஜனம் தெரிஞ்சுக்கிட்டாங்க, அப்போஸ்தலர் கைவச்சு ஜெபம் பண்ணாங்க. இப்ப அந்த ஏழு பேரை ஒரு சின்னப் பிள்ளையை விட்டு சத்தமா வாசிக்கச் சொல்லுங்க: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பேரு. கடைசி ஆளு நிக்கொலா யூதனாப் பொறந்தவன் கூட இல்ல, அந்தியோகியாக்காரன், பின்னாடி யூத மார்க்கத்துல வந்தவன். எந்தப் பக்கம் குறை சொன்னாங்களோ அந்தப் பக்கத்து ஆளுங்க கையிலயே பந்தியை மொத்தமா கொடுத்துட்டாங்கன்னு இதுலேர்ந்து நிறைய பேர் எடுத்துக்கறாங்க, எனக்கும் அப்படித்தான் படுது. ஆளுக்குப் பாதின்னு கமிட்டி போடலை. உடனே அடுத்த வசனம், ஏழாம் வசனம், தேவவசனம் விருத்தியடைஞ்சது, சீஷர் தொகை ரொம்பப் பெருகிச்சு, யூதக் கோயில் ஆசாரியர்ல கூட நிறைய பேர் வந்தாங்கன்னு இருக்கு. சபை வளர்ந்ததுக்கு கன்வென்ஷனும் மைக்செட்டும்தான் வழின்னு நெனக்கிறவங்க இந்த ஒன்னாம் வசனத்தையும் ஏழாம் வசனத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கணும்னு நான் எங்க போனாலும் சொல்லுவேன்.

நடிச்சுக் காட்டுறது நல்லா எடுபடும். ஒரு மரக்கால் அரிசியை நடுவுல வச்சு, ரெண்டு அணியா பிரிச்சு, பங்கிடறவங்க ஒரு அணி, காத்துக்கிட்டு நிக்கறவங்க ஒரு அணி. நெசத்துல எப்பவும் பங்கிடற குடும்பத்து ஆளுங்களை காத்திருக்கற பக்கம் நிறுத்துங்க. அஞ்சு நிமிஷம் போதும். சிரிப்பா ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்துல சிரிப்பு நின்னுடும். அந்த அரிசியை அந்த வாரமே தேவைப்பட்ட வீட்டுக்குக் கொடுத்துடுங்க.

மூணாம் வாரம் அந்தியோகியா. தரையில சாக்பீஸ்லயோ கோலமாவுலயோ படம் போடுங்க, எருசலேம் கீழ, சமாரியா கொஞ்சம் மேல, அந்தியோகியா அதுக்கும் மேல. கல்லணையில தண்ணி காவிரி, வெண்ணாறு, புது ஆறுன்னு பிரியற மாதிரி சொல்லுங்க, கொள்ளிடத்தையும் சேத்துக்கங்க. ஸ்தேவானைக் கல்லெறிஞ்சு கொன்ன பிறகு சிதறினவங்கதான் பதினோராம் அதிகாரத்துல அந்தியோகியாவுக்குப் போய் கிரேக்கர்கிட்ட பேசுறாங்க, சீப்புருவும் சிரேனேயும் சொந்த ஊரா கொண்ட ஆளுங்கன்னுதான் எழுதியிருக்கு, பேர் கிடையாது. பேர் இல்லாதவங்க ஆரம்பிச்ச சபையிலதான் மொதமொதல்ல கிறிஸ்தவர்கள்ங்கற பேரே வழங்கிச்சு. எருசலேம்லேர்ந்து பர்னபா வந்து பாத்துட்டு தானே எல்லாத்தையும் எடுத்துக்காம தர்சுவுக்குப் போய் சவுலை (பின்னாடி பவுல்னு சொல்றது இவனைத்தான்) தேடிக் கூட்டிட்டு வர்றான், இது பெரிய குணம், இதைக் கொஞ்சம் நேரம் பேசுங்க. பதிமூணு ஒன்னுல அந்தச் சபையோட தலைவருங்க அஞ்சு பேர்: சீப்புருவுல பொறந்த லேவியன் பர்னபா, நீகர்னு கூப்பிட்ட சிமியோன் (அந்தப் பேருக்கு கருப்புன்னு அர்த்தம்), சிரேனே ஊரு லூகி, ஏரோதோட கூட வளர்ந்த மனாயீன், தர்சுவூர் சவுல். அரமனையில வளர்ந்தவனும் தூர தேசத்தானும் ஒரே வரிசையில. எங்க கூட்டத்துல ஒரு தம்பி, நம்ம மூப்பர் லிஸ்ட்ல எத்தனை தெரு இருக்குன்னு கேட்டான். பதில் யாரும் சொல்லலை, சொல்லவும் வேண்டாம்னு நான் அடுத்த வசனத்துக்குப் போயிட்டேன்.

நாலாம் வாரம் பதினஞ்சாம் அதிகாரம், எருசலேம் ஆலோசனை சங்கம், ஏறக்குறைய கிபி 49. சபைக்கு வர்ற புறஜாதியார் (யூதர் அல்லாதவங்க) விருத்தசேதனம் பண்ணணுமாங்கறது சண்டை. இதுல நாம கத்துக்க வேண்டியது பேசுன வரிசை. மொதல்ல எல்லாரும் தர்க்கம் பண்ணாங்க, அப்புறம் பேதுரு அனுபவம் சொன்னான், பர்னபாவும் பவுலும் நடந்ததைச் சொன்னாங்க, கூட்டம் அமைதியா கேட்டுச்சு, கடைசியில யாக்கோபு வசனத்தை வச்சு முடிச்சான், முடிவை எழுத்துல எழுதி ஆள் கையில கொடுத்து அனுப்புனாங்க. உங்க சபை பொதுக்கூட்டம் எப்படி நடக்குதுன்னு மனசுலயே ஒத்துப் பாத்துக்கங்க. இந்த வாரத்தை ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்.

அஞ்சாம் வாரத்தை நடத்துறதே பொம்பளைங்களா இருக்கட்டும். ஆதி சபைக்குக் கோயில் கட்டடம் கிடையாது, வீடுதான். எருசலேம்ல மாற்கோட அம்மா மரியாள் வீடு, பேதுரு வந்து தட்டினப்ப கதவைத் தொறக்காம உள்ள ஓடிப்போன வேலைக்காரப் பொண்ணு ரோதையைப் பிள்ளைங்க விரும்புவாங்க. பிலிப்பியில இரத்தாம்பரம் (விலை உசந்த ஊதாத் துணி) விக்கிற லீதியாள் வீடு. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் தைக்கிறவங்க, எபேசுலயும் ரோமாபுரியிலயும் அவங்க வீட்ல சபை கூடுச்சு, நல்லா பேசத் தெரிஞ்ச அப்பொல்லோவையே கூப்பிட்டு உக்கார வச்சு சொல்லிக்கொடுத்தாங்க. ரோமர் 16ல கெங்கிரேயா சபையோட ஊழியக்காரி பெபேயாள். பைபிளுக்கு வெளியவும் சாட்சி இருக்கு: ஏறக்குறைய 112ல பிளினிங்கற ரோம ஆளுநர் பித்தினியாவுலேர்ந்து பேரரசர் திராயானுக்கு எழுதுன கடிதத்துல, இவங்க ஒரு குறிப்பிட்ட நாள்ல விடியறதுக்கு முன்னாடி கூடி கிறிஸ்துவை தெய்வமா பாடுறாங்கன்னும், உண்மை தெரிஞ்சுக்க ஊழியக்காரிகள்னு அழைக்கப்பட்ட ரெண்டு அடிமைப் பொண்ணுங்களைச் சித்திரவதை பண்ணேன்னும் எழுதியிருக்கான். ரெண்டு அடிமைப் பொண்ணுங்க சபையில பொறுப்புல இருந்திருக்காங்க. அவங்க பேரைக் கூட அவன் எழுதலை. இதைச் சொல்லி முடிச்சதும் எங்க வீட்டுக் கூட்டத்துல ஜெபம் பண்ணது மாட்டுக் கொட்டகை வேலைக்குப் போற ஒரு பொண்ணு, யாரும் சொல்லலை, தானா ஆரம்பிச்சுச்சு.

பசங்க நம்ப மாட்டாங்கன்னா சிரியாவுல துரா யூரோப்பஸ்ங்கற ஊர்ல தோண்டி எடுத்த வீட்டுக் கோயிலைப் பத்தி சொல்லுங்க. மூணாம் நூற்றாண்டு வீடு, ரெண்டு ரூமுக்கு நடுச்சுவத்தை எடுத்து ஒரே கூடமாக்கி, இன்னொரு ரூம்ல ஞானஸ்நானத் தொட்டி கட்டி சுவத்துல நல்ல மேய்ப்பன் படம் வரைஞ்சிருக்காங்க. கூடத்துல எழுவது பேர் போல உக்காரலாம், நம்ம ஊர் முற்றம் வச்ச வீடு மாதிரிதான்.

ஆறாம் வாரம் மூப்பருங்களும் கட்டாயம் வரணும். அப்போஸ்தலர் 20. பவுல் மிலேத்துவுக்கு எபேசு சபை மூப்பரை வரவழைக்கறான். 17ம் வசனத்துல 'மூப்பர்', 28ம் வசனத்துல அதே ஆளுங்களை 'கண்காணிகள்'னு சொல்லி, சபையை மேய்க்கச் சொல்றான். அப்ப ரெண்டும் ஒரே ஆளுதான், பிஷப்புன்னு தனியா ஒருத்தர் மேல நிக்கற முறை கொஞ்ச காலம் கழிச்சு வருது, ஏறக்குறைய 110 வாக்குல அந்தியோகியா கண்காணி இக்னேஷியஸ் மரண தண்டனைக்குக் கொண்டுபோற வழியில எழுதுன ஏழு கடிதத்துல ஒரு கண்காணி, மூப்பர் குழு, உதவிக்காரர்னு தெளிவா பிரிஞ்சு நிக்குது. இதுல எது சரின்னு சண்டை போட வேண்டாம், எப்படி வளர்ந்துச்சுன்னு தெரிஞ்சா போதும்.

ஆனா 'கண்காணி'ங்கற வார்த்தைகிட்ட நில்லுங்க. நம்ம பெரியவங்களுக்கு இந்த வார்த்தையைக் கேட்டா கங்காணிதான் ஞாபகம் வரும், சிலோன் தோட்டத்துக்கும் மலேயாவுக்கும் ஆள் பிடிச்சுட்டுப் போனவன், குச்சியோட வரப்புல நின்னவன். எங்க தாத்தா ஒருத்தர் 'கண்காணின்னு போட்டிருக்கு, அப்புறம் என்ன மேய்க்கிறது'ன்னு கேட்டுட்டார். அதே அதிகாரத்துல 34ம் வசனத்தை அப்ப படிங்க, எனக்கும் என்னோட இருந்தவங்களுக்கும் வேண்டியதுக்கு இந்தக் கைகளே வேலை செஞ்சதுன்னு பவுல் சொல்றான். கையை நீட்டிக் காட்டியிருப்பான்னுதான் நான் நெனக்கிறேன். அந்த இடத்துல எல்லாரையும் அவங்கவங்க கையைப் பாக்கச் சொல்லுங்க. கருக்கருவா பிடிச்ச கை, நாத்து முடி கட்டுன கை, பேனா பிடிச்ச கை, எல்லாம் விளக்கு வெளிச்சத்துல ஒன்னா தெரியும்.

அதோட 1 தீமோத்தேயு மூணாம் அதிகாரத்தையும் வாசிங்க. குடிக்காதவன், அடிக்காதவன், பண ஆசை இல்லாதவன், சொந்தக் குடும்பத்தை நல்லா நடத்துறவன், புதுசா சேர்ந்தவனா இருக்கக் கூடாது. கடைசியா ஒன்னு, புறம்பானவங்ககிட்டயும் நற்சாட்சி இருக்கணும். இதை நாம ஓட்டிட்டுப் போயிடறோம். ஒரு பேப்பர்ல எழுதச் சொல்லுங்க, யாருக்கும் காட்ட வேண்டாம்: டீக்கடைக்காரர், உரக்கடைக்காரர், சபைக்கு வராத பக்கத்து வயக்காரர், இவங்க மூணு பேரும் நல்ல மனுஷன்யான்னு சொல்ற ஆள் நம்ம சபையில யாரு? வசதியும் குரலும் இருக்கற ஆளுங்களை விட்டு வேற பேருங்க மனசுல வரும்.

ஏழாம் வாரம் பைபிள் முடிஞ்ச பிறகு நடந்தது, நம்ம ஊர் கதையும் சேர்த்து. முதல் நூற்றாண்டு கடைசி, ரெண்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துல எழுதுன 'திதாக்கே'ன்னு ஒரு சின்னக் கையேடு, 1873ல கான்ஸ்டான்டிநோப்பிள்ல ஒரு பழைய ஏட்டுல கிடைச்சுது. அதுல ஊர் ஊரா வர்ற போதகரை ஏத்துக்கங்க, ஆனா ஒரு நாள், தேவைப்பட்டா ரெண்டு நாள், மூணு நாள் தங்குனா கள்ளத் தீர்க்கதரிசி, பணம் கேட்டாலும் கள்ளத் தீர்க்கதரிசின்னு இருக்கு. கண்காணிகளையும் உதவிக்காரரையும் நீங்களே தெரிஞ்சுக்கங்க, சாந்தமும் பண ஆசை இல்லாத குணமும் பாருங்கன்னும் இருக்கு. ஏறக்குறைய 96ல ரோமாபுரி சபை கொரிந்துக்கு எழுதுன கிளமெந்து கடிதம், குற்றம் செய்யாத மூப்பரைத் தள்ளிட்டீங்களேன்னு கேக்குது, அப்ப தேர்தல் சண்டை நமக்கு மட்டும் வந்ததில்ல. 251 வாக்குல ரோம சபைக் கணக்கு யூசேபியஸ்ங்கறவர் எழுதுன சபை வரலாத்துல இருக்கு: ஒரே கண்காணி, 46 மூப்பர், 7 உதவிக்காரர், அவங்க காப்பாத்துனது 1500க்கும் மேல விதவைங்களும் கஷ்டப்படறவங்களும். உதவிக்காரர் அப்பவும் ஏழே பேர்தான், ஆறாம் அதிகாரத்தை அவங்க மறக்கலை. அரசாங்க ஆதரவு வர்றதுக்கு 60 வருஷம் முன்னாடி இது, கிறிஸ்தவங்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்த மிலான் ஆணை 313லதான்.

நம்ம கதைக்கு வாங்க. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706ல தரங்கம்பாடியில இறங்குனார், தமிழ் புதிய ஏற்பாடு 1715ல அச்சாகி முடிஞ்சுது, புது எருசலேம் ஆலயம் 1718. மொதல் தமிழ் புரொட்டஸ்டன்ட் குரு ஆரோன் அபிஷேகம் 28 டிசம்பர் 1733. இறங்குனதுலேர்ந்து 27 வருஷம். பவுலும் பர்னபாவும் பதினாலாம் அதிகாரத்துல போன வழியிலயே திரும்பி வர்றப்பவே ஒவ்வொரு சபைக்கும் உள்ளூர் மூப்பரை வச்சுட்டாங்கன்னு 23ம் வசனத்துல இருக்கு. ரெண்டையும் சொல்லிட்டு ராஜநாயக்கனைப் பத்தி சொல்லுங்க. தஞ்சாவூர் அரசர் படையில இருந்தவர், பறையர் குலத்துல பொறந்தவர், உபதேசியாரா தஞ்சாவூர் பக்கம் சபைகளைக் கட்டுனவர். குருப்பட்டத்துக்கு அவர் பேரும் வந்துச்சு, மேல்சாதி சபையார் அவர் கையால நற்கருணை வாங்க மாட்டாங்கன்னு விட்டுட்டாங்க. இதைப் பேசுறப்ப வீட்ல சத்தம் அடங்கிடும். அப்படியே ஆறாம் அதிகாரம் அஞ்சாம் வசனத்தைத் திரும்ப வாசிக்க வைங்க, அந்த ஏழு பேரை. வேற விளக்கம் எதுவும் வேண்டாம்.

முடிவுல அன்பின் விருந்து வைங்க, கஞ்சியும் துவையலும் போதும். கொரிந்துல ஒருத்தன் பசியா இருக்க இன்னொருத்தன் குடிச்சு வெறிச்சிருந்தான்னு பவுல் திட்டுனது ஞாபகம் இருக்கட்டும், வீட்டுக்கு ஒரு படி அரிசி, எல்லாத்தையும் ஒரே அண்டாவுல கொட்டிடுங்க. எங்க விருந்துல அந்த அத்தைகிட்ட அகப்பையைக் கொடுத்தோம். அவங்க மொதல்ல கடைசி வரிசைக்குப் போய் அங்கேர்ந்து ஊத்திக்கிட்டு வந்தாங்க, மெத்தை வீட்டுக்காரங்க தட்டை வச்சுக்கிட்டு காத்திருந்தாங்க, அண்டாவுல எல்லாருக்கும் இருந்துச்சு.